முனிச் இசைத்தட்டில் நம்ம ஊர் நாயனம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் சாக்பீஸைக் கீழே வைக்காத வாத்தியார் என்று பள்ளியில் பெயர் வாங்கியவன் நான். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதற்குக் காரணம் சொல்லத்தான் இந்த வரலாறு முழுவதும்.

நம் பள்ளியில் படித்த மாணவர் ஒருவர் இப்போது ஜெர்மனியில் முனிச் நகரில் வேலை பார்க்கிறார். சென்ற ஆண்டு ஒரு பாட்டின் இணைப்பை அனுப்பி, "சார், இது 1973-ல் இந்த ஊர் ராக் பேண்ட் போட்ட ஆல்பம். இதில் நாயனம் இருக்குதாம். நீங்க பழனி அடிவாரத்துக்காரர், கேட்டுச் சொல்லுங்க" என்று எழுதியிருந்தார். பேண்டின் பெயர் எம்ப்ரியோ, அதாவது கரு. ஆல்பத்தின் பெயர் 'வீ கீப் ஆன்', தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கிறோம் என்று பொருள். கொடைக்கானலில் ஐப்பசி மழை ஓயாமல் பெய்த வாரம் அது. வெளியே போக வழியில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பிறகு அவர்களுடைய மற்ற ஆல்பங்களையும் ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்டேன். கேட்கக் கேட்க, இது பாட்டுச் சமாச்சாரம் மட்டுமல்ல, நம்முடைய வரலாறும் இதில் இருக்கிறது என்று புரிந்தது.

முதலில் புரோகிரசிவ் ராக் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கிராமபோன் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் பதியும். பாட்டு என்றால் மூன்று நிமிஷம் என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. பிறகு வந்த எல்.பி. தட்டில் ஒரு பக்கம் இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் சில இளைஞர்கள், "இவ்வளவு இடம் இருக்கும்போது ஏன் மூன்று நிமிஷத்தில் முடிக்க வேண்டும்?" என்று கேட்டார்கள். ஒரு பக்கம் முழுவதும் ஒரே இசை, நடுவில் வேகம் மாறும், தாளம் மாறும், மேலை நாட்டுச் செவ்வியல் இசையும் ஜாஸும் உள்ளே வரும். கிங் கிரிம்சன், யெஸ், ஜெனிசிஸ், பிங்க் ஃபிளாய்ட் எல்லாம் இந்த வகை. 1973-ல் பிங்க் ஃபிளாய்ட் வெளியிட்ட 'மணி' என்ற பாட்டு பெரும்பகுதி ஏழு எண்ணிக்கையில் ஓடும். வழக்கமாக நாலு நாலாக எண்ணிப் பழகிய ராக் ரசிகர்களுக்கு அது பெரிய புதுமை.

நமக்கு ஏழு புதுமையா? "தகிட தகதிமி" என்று கையில் தட்டிப் பாருங்கள், மிஸ்ர சாபு வந்துவிட்டது. "தக தகிட" என்றால் கண்ட சாபு, ஐந்து. நம் பழனிக்காரர் ஒருவர் இந்தக் கணக்குகளில் கரை கண்டவர். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908-1962). இடது கைப் பழக்கம் உள்ளவர். தந்தை பழனி முத்தையா பிள்ளையிடமும், பிறகு புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையிடமும் கற்றார். அவருடைய சீடர் திருச்சி சங்கரன் 1971-ல் கனடா போய் டொரோண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். லண்டனில் ராக் பையன்கள் ஏழு எண்ணப் பழகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பழனி வழிக் கணக்கு அட்லாண்டிக் கடலைத் தாண்டிவிட்டது.

நீளமான இசையும் அப்படித்தான். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி முடிந்த பிறகு, நான்கு வீதியிலும் நின்று நின்று ஒரே ராகத்தை மணிக்கணக்கில் வாசித்த நாயனக்காரர்கள் இருந்த நாடு இது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்க ராத்திரி முழுக்க மக்கள் கூடவே நடந்தார்கள் என்று என் தகப்பனார் தலைமுறையில் சொல்லாத ஆள் கிடையாது. எனவே புரோகிரசிவ் ராக்கைக் கண்டு மிரள நமக்குக் காரணமே இல்லை. கருவிகள்தான் வேறு. காது ஏற்கெனவே தயார்.

இனி ஜெர்மனிக்கு வருவோம். அங்கே 1968-ல் இருபது வயதாக இருந்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். பெற்றோர் தலைமுறையின் அணிவகுப்புப் பாட்டு அவர்களுக்கு வேண்டாம். அது எதற்குப் பயன்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும். வானொலியில் வந்த இனிப்பான காதல் பாட்டுகளும் பிடிக்கவில்லை. அமெரிக்காவை அப்படியே காப்பியடிக்கவும் மனமில்லை. அந்த வெற்றிடத்தில் கான், அமோன் ட்யூல், போபோல் வூ, கிராஃப்ட்வெர்க் என்று பல குழுக்கள் முளைத்தன. ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் பாதி கிண்டலாக அதற்கு 'கிரவுட்ராக்' என்று பெயர் வைத்தார்கள். கிரவுட் என்றால் முட்டைக்கோஸ், ஜெர்மானியர்களைக் கேலி செய்யும் சொல்.

எம்ப்ரியோ 1969-ல் முனிச்சில் தொடங்கிய குழு. டிரம்ஸும் வைப்ரஃபோனும் வாசித்த கிறிஸ்டியான் புர்ஹார்ட், சாக்ஸஃபோனும் வயலினும் வாசித்த எட்கர் ஹோஃப்மன் ஆகியோர் தொடக்க கால ஆட்கள். முதல் ஆல்பம் 'ஓபல்' 1970-ல் 'ஓர்' என்ற கம்பெனி மூலம் வந்தது. ஜெர்மன் மொழியில் 'ஓர்' என்றால் காது. பொருத்தமான பெயர். அந்த முதல் ஆல்பம் அன்றைய ராக்கும் ஜாஸும் கலந்தது. நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதே மாதிரி அந்தக் காலத்தில் வேறு பலரும் செய்திருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்கப் பயணம் போய்வந்த பிறகுதான் இவர்கள் இசை திரும்புகிறது. 1973-ல் வந்த 'வீ கீப் ஆன்' அதற்குச் சாட்சி. ரோமன் புன்கா கிதாரோடு துருக்கி நாட்டு சாஸ் வாசிக்கிறார். புர்ஹார்ட் மரிம்பாவும், பவேரிய மலைக்காரர்களின் ஹாக்பிரெட் என்ற தந்திக் கருவியும் வாசிக்கிறார். நம் சந்தூரைப் போலக் குச்சியால் தட்டுகிற கருவி அது. உறையில் நான்காவதாக ஒரு பெயர் இருக்கிறது: சார்லி மரியானோ. சாக்ஸஃபோன், புல்லாங்குழல், நாகசுரம்.

இந்த மரியானோ யார்? 1923-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவர். ஜாஸ் உலகத்தில் பெரிய ஆள். சார்லஸ் மிங்கஸ் 1963-ல் பதிவு செய்த புகழ்பெற்ற ஆல்பமான 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி'யில் சாக்ஸஃபோன் வாசித்தவர். பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் ஆசிரியர். 1960களின் பிற்பகுதியில் அங்குள்ள வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சி கொடுப்பதற்காக மலேசியா போனார். அங்கே நாயனத்தைக் கேட்டார். கேட்டதும் அதைக் கற்க உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது, தன் துறையில் ஏற்கெனவே உலகப் பெயர். பிறகு தென்னிந்தியாவுக்கு வந்தும் கற்றார்.

மலேசியாவில் நாயனம் எப்படி இருந்தது என்று என் மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பத்தாம் வகுப்பிலேயே நடத்தியிருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் ரப்பர் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் நம் ஆட்களைக் கப்பலில் கொண்டுபோனார்கள். போனவர்கள் போன இடத்தில் முதலில் கட்டியது முருகனுக்கும் மாரியம்மனுக்கும் கோயில். கோலாலம்பூர் பக்கத்தில் பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. பழனிக்குக் காவடி எடுக்க வர முடியாதவர்கள் அங்கேயே ஒரு மலையைப் பிடித்துக்கொண்டார்கள். சாமி வந்தால் காவடி வரும், காவடி வந்தால் நாயனமும் தவிலும் வரும். பால்மரம் சீவப்போன ஏழைத் தமிழன் கொண்டுபோன கருவிதான் பாஸ்டன்காரர் காதில் விழுந்து, அவர் வழியாக முனிச் இசைத்தட்டுக்குப் போயிருக்கிறது. எந்த மகாராஜாவும் எந்த சபாவும் அனுப்பிவைக்கவில்லை. இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது என்று எழுத வெட்கப்படவில்லை.

சாக்ஸஃபோன் ஊதுகிற ஒருவருக்கு நாயனம் எளிதாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். சாக்ஸஃபோனில் ஒவ்வொரு சுரத்துக்கும் மூடித் திறக்கும் சாவிகள் இருக்கின்றன. நாயனத்தில் ஒரு சாவியும் கிடையாது. ஆச்சா மரத்தில் கடைந்த உலவு, கீழே அணசு, மேலே சீவாளி. விரல் வைக்க ஏழு துளை. அதற்குக் கீழே சுருதியைச் சரிசெய்ய மெழுகால் அடைக்கிற ஐந்து துளை. பாதிச் சுரமும் கமகமும் உதட்டு அழுத்தத்திலும் மூச்சிலும் வர வேண்டும். சீவாளி ஈரமானால் ஒரு குணம், காய்ந்தால் ஒரு குணம். சின்ன வயதிலேயே வாயில் வைத்தால்தான் வரும் என்று வித்வான்களே சொல்லும் கருவி. நடு வயதில் அதைத் தொடுவதற்கு ஆசை மட்டும் போதாது, மாணவனாக உட்காரும் அடக்கமும் வேண்டும். ஆசிரியனாக இருந்தவன் சொல்கிறேன், அந்த அடக்கம் ஆசிரியர்களுக்கு அவ்வளவு எளிதில் வருவதில்லை.

நம் வித்வான்கள் அளவுக்கு அவர் வாசித்தாரா என்று கேட்டால், இல்லை. காருகுறிச்சியாரையும் ஷேக் சின்ன மௌலானாவையும் கேட்ட காதுக்கு அது தெரியும். ஆனால் அவர் அந்தக் கருவியை ஊறுகாய் மாதிரி ஓரத்தில் தொட்டுக்கொள்ளவில்லை. தான் கற்ற ஜாஸைச் சொல்ல இன்னொரு குரலாக அதை எடுத்துக்கொண்டார். ராக் பாட்டில் இந்தியக் கருவி அதற்கு முன்பும் வந்திருக்கிறது. 1965-ல் பீட்டில்ஸ் பாட்டில் சிதார் வந்த பிறகு, எல்லோரும் ஒரு சிதாரை வாங்கி இரண்டு தந்தியை மீட்டிவிட்டு 'கீழை நாட்டு மணம்' என்றார்கள். எம்ப்ரியோ செய்தது அது அல்ல. அவர்கள் இசையின் அமைப்பையே மாற்றிக்கொண்டார்கள். ராக் இசையில் சாதாரணமாக கிதாரின் கார்டுகள் மாறிக்கொண்டே இருக்கும். எம்ப்ரியோவின் பல இசைகளில் அடியில் ஒரே ஆதாரம் நிற்கும், மேலே ஒருவர் மெட்டை மெதுவாக விரித்துக்கொண்டு போவார். ஒத்தின் மேல் ராக ஆலாபனை நிற்கிற மாதிரி. நாயனத்துக்கு இடம் கொடுக்க வேண்டும் என்றால் முதலில் அந்த ஆதாரத்தைக் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த கட்டம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. 1976-ல் எம்ப்ரியோவும் வேறு சில குழுக்களும் சேர்ந்து, பெரிய கம்பெனிகளை நம்பாமல், கலைஞர்களே நடத்தும் ஒரு இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதலில் பெயர் 'ஏப்ரல்', பிறகு 'ஷ்னேபால்', அதாவது பனிப்பந்து. உருட்ட உருட்டப் பெருகும் என்ற எண்ணமாக இருக்கலாம். பிறகு 1978-ல் முனிச்சிலிருந்து பஸ்ஸில் கிளம்பினார்கள். துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகத் தரைவழியே இந்தியாவுக்கு. போகிற ஊர்களில் உள்ளூர்க் கலைஞர்களோடு உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்துகொண்டே வந்தார்கள். அதுதான் 1979-ன் 'எம்ப்ரியோஸ் ரைசே' என்ற இரட்டை இசைத்தட்டு. ரைசே என்றால் பயணம்.

என்னிடம் வரலாறு படித்தவர்கள் அந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். 1978 ஏப்ரலில் காபூலில் ஆட்சிக் கவிழ்ப்பு. 1979 தொடக்கத்தில் ஈரானில் ஷா நாட்டை விட்டுப் போகிறார், புரட்சி. 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைகிறது. இஸ்தான்புல்லிலிருந்து டெல்லிவரை பஸ்ஸில் வருகிற பாதை அத்தோடு மூடிக்கொண்டது. இத்தனை ஆண்டுகள் ஆகியும் பழையபடி திறக்கவில்லை. அந்தக் கதவு சாத்தப்படுகிற நேரத்தில் கடைசியாக அதன் வழியே வந்தவர்களில் இந்தப் பாட்டுக்காரர்களும் உண்டு. காபூலில் அவர்களோடு சேர்ந்து வாசித்த கலைஞர்களின் இசையை, பின்னால் வந்த ஆட்சிகள் தடையே செய்தன. ஆகவே அந்த இரட்டைத் தட்டை நான் பாட்டாக மட்டும் கேட்கவில்லை. கல்வெட்டைப் படிக்கிற மாதிரியும் கேட்டேன்.

அந்தக் காலத்தில் கொடைக்கானலில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். நீண்ட முடியும் கிழிந்த பையுமாக வெள்ளைக்காரர்கள் ஏரிக்கரையிலும் வட்டக்கானல் பக்கமும் திரிவார்கள். ஊர் அவர்களுக்கு 'ஹிப்பி' என்று ஒரே பெயர் வைத்தது. அதில் கஞ்சாவுக்கு வந்தவர்கள் நிறைய. எதையோ கற்க வந்தவர்களும் உண்டு. இரண்டு வகையையும் ஒரே சட்டியில் போட்டுவிட்டோம். இந்த மலைக்கு அமெரிக்க மிஷனரிமார் 1845-ல் வந்து வீடு கட்டினார்கள், 1901-ல் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அப்போதிருந்தே மலைமேல் பியானோ, அடிவாரத்தில் நாயனம் என்று இரண்டு இசையும் அறுபது கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றை ஒன்று கேட்காமல் வாழ்ந்தன. விதிவிலக்குகள் உண்டு. நம் குறிஞ்சி ஆண்டவர் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1936-ல் அதைக் கட்டியவர் ஆஸ்திரேலியாவில் பிறந்து, யாழ்ப்பாணத்து சேர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, லீலாவதி என்று பெயர் ஏற்ற அம்மையார். வானம் தெளிவாக இருக்கும் நாளில் அங்கே நின்றால் பழனி மலை தெரியும். வெளியிலிருந்து வந்தவர் கற்றுக்கொண்டு உள்ளே வந்தார். நாம் அவரை வெளியாளாக நினைப்பதே இல்லை.

எம்ப்ரியோவின் இந்தியப் பயணத்தில் கிடைத்த பெரிய உறவு பெங்களூரில். டி.ஏ.எஸ். மணி என்ற மிருதங்க வித்வான் 1964-ல் தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் அங்கே இருந்தது. அவருடைய மனைவி ஆர்.ஏ. ரமாமணி பாடகி. இந்தக் கலைஞர்களும் எம்ப்ரியோவும் சேர்ந்து செய்த ஆல்பம் 'லைஃப்', 1980. எம்ப்ரியோவிலிருந்து பிரிந்த சிலர் 'டிசிடென்டன்' என்ற குழுவாகி, 1982-ல் இதே பெங்களூர்க் கலைஞர்களோடு 'ஜெர்மனிஸ்தான்' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். பெயரிலேயே குறும்பு இருக்கிறது. மரியானோவும் 1983-ல் இவர்களோடு 'ஜ்யோதி' என்ற ஆல்பம் செய்தார். ரமாமணியின் குரலுக்குப் பக்கத்தில் அவருடைய சாக்ஸஃபோன் எவ்வளவு பணிவாக நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கதையில் மெட்ராஸ்காரர் ஒருவரும் இருக்கிறார். ரமேஷ் ஷோத்தம். 1970களின் தொடக்கத்தில் தன் சகோதரரோடு 'ஹியூமன் பாண்டேஜ்' என்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அந்த நாளில் நம் ஊர் ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவருக்கு முன்னேற்றம் என்றால் இன்னும் நல்ல வெளிநாட்டு டிரம்ஸ் வாங்குவதுதான். இவர் திரும்பி, அதே பெங்களூர்க் கல்லூரியில் தவில் கற்றார். பிறகு ஐரோப்பா போய் எம்ப்ரியோவோடும் மரியானோவோடும் வாசித்தார். ஜெர்மன்காரர்கள் நாயனத்தைத் தேடி வந்தார்கள், மெட்ராஸ் ராக்கர் தவிலைத் தேடிப் போனார். இருவரும் நடுவழியில் சந்தித்தார்கள்.

'சக்தி' குழுவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று சிலர் கேட்பீர்கள். ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் சேர்ந்த அந்தக் குழுவின் முதல் ஆல்பம் 1976-ல் வந்தது. 2023-ல் வந்த ஆல்பத்துக்கு 2024-ல் கிராமி விருதும் கிடைத்தது. அது மகத்தான இசை. ஆனால் அவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எம்ப்ரியோ பெரிய பணமோ பெரிய விருதோ பார்க்காத குழு. வந்து போன கலைஞர்கள் நூற்றுக்கணக்கில். 1990களில் ஒரு ஆல்பத்துக்கு 'இப்ன் பதூதா' என்றே பெயர் வைத்தார்கள். பதினான்காம் நூற்றாண்டில் நம் மதுரைக்கு வந்து சுல்தான் ஆட்சியை எழுதிவைத்துவிட்டுப் போன அந்தப் பயணியேதான். புர்ஹார்ட் 2018-ல் காலமானார். இப்போது அவருடைய மகள் மார்யா குழுவை நடத்துகிறார். அப்பாவின் வாத்தியத்தை மகள் எடுத்துக்கொண்டாள் என்றால் நாயனக்காரர் வீடுகளில் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விளம்பரம் என்பீர்கள். இவர்களுடைய ஆங்கிலப் பாட்டு வரிகளும் பாடும் குரலும் சுமார்தான். சில இசைகள் எங்கே போவது என்று தெரியாமல் அலையும். 'ரைசே' தட்டில் சில இடங்களில் இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும், இசை பிறக்காது. முதன்முறை கேட்கிறவர்கள் 'வீ கீப் ஆன்' ஆல்பத்தில் தொடங்குங்கள். பிறகு 'ரைசே', பிறகு 'லைஃப்'. ஒரு ஆல்பத்தை ஒரே மூச்சில், வேறு வேலை செய்யாமல் கேளுங்கள். முதலில் அடியில் நிற்கும் தாளத்தை விரலில் எண்ணுங்கள். இரண்டாம் முறை மேலே போகும் மெட்டை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் முறை எதையும் எண்ண வேண்டாம்.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன்.

ராஜரத்தினம் பிள்ளை நாயனத்துக்காகச் சண்டை போட்டவர். வாசிப்பவன் மேடையில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், கேட்பவர்கள் மரியாதையோடு கேட்க வேண்டும் என்று நின்றவர். ஒத்துக்குப் பதில் தம்பூராவை வைத்துக் கச்சேரி செய்தவர். நரசிங்கம்பேட்டை ஆசாரியைக் கொண்டு கருவியையே திருத்திப் பாரி நாயனத்தை நிலைநிறுத்தியவர். 1947 சுதந்திர விழாவில் டெல்லியில் அவருடைய நாயனம் ஒலித்தது. 1962-ல் 'கொஞ்சும் சலங்கை'யில் காருகுறிச்சியார், 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்று சினிமாவும் அதைத் தலையில் வைத்து ஆடியது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

ஆனால் இன்று நிலைமை என்ன? பூஜை நேரத்தில் சுவிட்சைப் போட்டால் தானே மேளமும் மணியும் அடிக்கிற மின்சார யந்திரம் பல கோயில்களில் வந்துவிட்டது. சென்ற ஆண்டு நான் போயிருந்த ஒரு கல்யாணத்தில், நாயனக்காரர் கரகரப்பிரியாவை எடுத்து அப்போதுதான் பஞ்சமத்தில் நின்றார். வீடியோகிராபர் கையைக் காட்டி, "அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க, டயலாக் எடுக்கணும்" என்றார். அவர் சீவாளியை வாயிலிருந்து எடுத்து வேட்டியில் துடைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். சுற்றி முன்னூறு பேர், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு தாலி கட்டும்போது "கெட்டிமேளம்" என்று கத்தினார்கள். அவ்வளவுதான் அன்றைக்கு அவருக்கு வேலை. அவருடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாகச் சொன்னார். "நாயனம் கத்துக்கொடுக்கலையா?" என்று கேட்டேன். "யார் சார் கேக்குறாங்க?" என்றார்.

அந்தக் கேள்வி கலைஞர்களுக்கு அல்ல, நமக்கு. பாஸ்டனில் பிறந்தவர் கேட்டார். முனிச்காரர்கள் கேட்டார்கள், கேட்டதோடு நிற்காமல் பஸ் ஏறி வந்தார்கள். அவர்களுக்கு நாயனம் உயர்ந்ததா தாழ்ந்ததா, சபாவா தெருவா, வாசிப்பவர் என்ன சாதி என்ற கணக்கு ஒன்றும் தெரியாது. காதில் விழுந்தது, பிடித்தது, கற்றார்கள். நமக்கு அந்தக் கணக்கெல்லாம் மனப்பாடம். அதனாலேயே பக்கத்தில் ஒலிப்பது காதில் ஏறவில்லை. வெளிநாட்டுக்காரன் பாராட்டினான் என்பதற்காக நாயனத்தைக் கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிக் கேட்டால் அது இன்னொரு அடிமைத்தனம். ஒரு நல்ல காது எப்படிக் கேட்கும் என்று பார்க்க எம்ப்ரியோவின் இசைத்தட்டுகள் உதவும். அதற்குத்தான் சொல்கிறேன்.

ஆகவே வேண்டுகோள். வருகிற தை மாதம் பழனியில் நம் வீட்டுக் கல்யாணம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் மாலை வரவேற்புக்கு லைட் மியூசிக், டி.ஜே. என்று குடும்ப குரூப்பில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. இளைஞர்கள் ஆடட்டும், எனக்கு மறுப்பில்லை, நானும் ஓரமாக நின்று பார்ப்பேன். ஆனால் அதற்கு முன்பு, ஆறு மணி முதல் ஏழரை வரை, மேடையில் விரிப்பு போட்டு, நல்ல மைக் வைத்து, நாயனம், தவில் கச்சேரி ஒன்று நடக்க வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரம் போட்டோவுக்கு யாரும் மேடை ஏறக் கூடாது. செலவு முழுவதும் என் ஓய்வூதியத்தில். கலைஞர்களிடம் பேசிவிட்டேன். பெண்ணும் மாப்பிள்ளையும் முன்வரிசையில் உட்காரச் சம்மதித்துவிட்டார்கள். மாப்பிள்ளை கல்லூரிக் காலத்தில் கிதார் வாசித்தவராம், 'லைஃப்' ஆல்பத்தை அவருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

பக்கத்தில் இருக்கும் பழைய மாணவர்களுக்கும் இதுவே அழைப்பு. வருகிறவர்கள் கீழே எழுதுங்கள், இலைக் கணக்கு சொல்ல வேண்டும். முனிச் மாணவர் டிக்கெட் போட்டுவிட்டார்.